தூக்க இ.இ.ஜி.க்குத் துணை நின்றவர்களுக்கு

வணக்கம்.

குழந்தைகளின் வலிப்பு எப்போதும் ஒரே பெயருக்குள் அடங்குவதில்லை. நாலு வயதில் ராத்திரி வாந்தி எடுத்து, முகம் வெளுத்து, கண் ஒரு பக்கம் செருகி நெடுநேரம் கிடந்த பிள்ளைக்கு ஏழு வயதில் விடியற்காலையில் வாய் கோணி எச்சில் வடியலாம். முதலாவது பனாயோடோபௌலஸ் வகை, அடுத்தது ரோலாண்டிக். இரண்டும் பெரும்பாலும் வளர வளரத் தானே அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் தூக்கம் முழுக்க மூளையில் மின்கூர்முனைகள் (மூளையின் மின்னலைப் பதிவான இ.இ.ஜி.யில் ஊசிபோல் எழும் அலைகள்) ஓடி, பேச்சையும் படிப்பையும் அரிக்கும். அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க உதவியவர்களுக்கே இந்த மடல்.

இ.இ.ஜி. டெக்னீஷியன்களே, விழித்திருக்கும்போது எடுக்கும் பதிவு பல நேரம் நம்மை ஏமாற்றிவிடும். கனவுநிலை அல்லாத தூக்கத்தில் 300 நொடிக்கு 255 நொடி கூர்முனை இருந்தால் 85 சதவீதம். இந்தப் பாதிப்பு என்று சொல்லப் பழைய எல்லை அதுதான். இப்போது 50 சதவீதத்தையே பலர் கணக்கில் எடுக்கிறார்கள். அதை நொடி நொடியாக எண்ணித் தந்தீர்கள். டயாசிபாம் கொடுத்துத் தூங்கவைத்தால் கூர்முனையே மறைந்துபோகும் என்பதால், பொறுமையாகக் காத்திருந்தீர்கள்.

பெற்றோரே, எண்ணெய் படாத தலை, நள்ளிரவு வரை விழிப்பு, 4 மணிக்கு எழுப்பல், தவறாத காலை மாத்திரை எல்லாம் உங்கள் பாடு. பஸ்ஸில் பத்து நிமிஷம் கண்ணயர்ந்தாலும் லேபில் பிள்ளை தூங்காது. அதனால் வழி நெடுகக் கதை சொல்லியே கூட்டிவந்தீர்கள்.

ஆசிரியர்களே, "கூப்பிட்டா திரும்பறதில்லை, முன்ன நல்லா பேசுவான்" என்று தேதி போட்டு எழுதிய ஒரு வரி பெரிய உதவி. காதுப் பரிசோதனை சரியாக இருந்தும் சொல் புரியவில்லை என்றால் லாண்டோ-கிளெஃப்னரை (தூக்கக் கூர்முனையோடு பேச்சுப் புரிதல் போய்விடும் நோய்) நினைக்க வேண்டும். 1957இல் அந்த நோயை விவரித்து எழுதிய இருவரில் ஒருவர் நரம்பியல் மருத்துவர், மற்றவர் காதுகேளாதோர் நிறுவனத்தில் இருந்தவர். பொருத்தமான ஜோடிதான்!

மருந்துக்கடைக்காரர்களே, ரோலாண்டிக்குக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் சில பிள்ளைகளுக்குத் தூக்கக் கூர்முனையைக் கூட்டிவிடும். மாத்திரை தொடங்கியபின் எச்சில் ஒழுகல், நாக்குக் குழறல், தலை சட்டென்று தொங்கல் வந்தால், "டோஸ் பத்தலை" என்று முடிவுகட்டுவதுதான் வழக்கமான தவறு. பழைய சீட்டுக்கே மறுபடி மருந்து தராமல், தானாக நிறுத்தவும் சொல்லாமல், அன்றைக்கே எங்களிடம் அனுப்பினீர்கள். தூக்கக் கூர்முனையை அடக்க நாங்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு கவரில் "பாதியில் நிறுத்தாதீங்க" என்று சிவப்பு மையில் எழுதியதும் நீங்கள்தான்.

நன்றியுடன்,
குழந்தைகள் நரம்பியல் பிரிவினர்