படுக்கையில் விழுந்த பிறகு யார் பார்ப்பார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவையைச் சுற்றி வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர் என எந்தப் பக்கம் போனாலும் முதியோர் குடியிருப்புகளின் விளம்பரப் பலகைகள் தெரிகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், தோட்டத்தை விற்றுவிட்டு வருபவர்கள், பென்ஷன்காரர்கள் எனப் பலரும் விசாரிக்கிறார்கள். வந்தவர்கள் முதலில் சாப்பாட்டை ருசி பார்க்கிறார்கள், பிறகு நடைபாதையையும் கோயிலையும் பார்க்கிறார்கள். ரசம் சரியில்லை என்றால் சமையல்காரரை மாற்றிவிடலாம். குளிக்க, உடுத்த, கழிப்பறை போக, கட்டிலை விட்டு எழ, சிறுநீர் மலத்தை அடக்க, சாப்பிட ஆகிய ஆறில் இரண்டு மூன்றுக்கு ஆள் துணை தேவைப்படும் நாளில் இந்த இடம் என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

'தேவைப்படின் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்து தரப்படும்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வெளி ஏஜென்சியின் போன் நம்பரைக் கொடுப்பதும் ஏற்பாடுதான். வளாகத்துக்குள்ளேயே தனிப் பராமரிப்புப் பிரிவு இருக்கிறதா, அதில் எத்தனை கட்டில், குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டா, உடல்நிலை எந்தக் கட்டத்துக்குப் போனால் 'இனி எங்களால் முடியாது' என்று வெளியேறச் சொல்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மழுப்பலான பதில் வரும்.

இரவு நேர ஆள் கணக்கு அதைவிட முக்கியம். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். காற்று மெத்தை போட்டாலும் திருப்பத்தான் வேண்டும். இருபது பேருக்கு ஓர் உதவியாளர் என்றால் இது நடக்காது. இரவுப் பணியில் படித்த நர்ஸ் இருக்கிறாரா, உதவியாளர் மட்டுமா என்று பிரித்துக் கேளுங்கள். திருப்பிய நேரத்தைக் குறிக்கும் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். வார நாள் காலை பதினொரு மணிக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். ஞாயிறு மாலையில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். மறதி நோயாளிகளை அறைக்குள் பூட்டி வைக்கிறார்களா, சுற்றி நடக்க மதில் கட்டிய இடம் விட்டிருக்கிறார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கையில் ஒரு டேப் எடுத்துப் போங்கள். கதவு 90 செ.மீ. அகலம் இல்லாவிட்டால் சக்கர நாற்காலி இடிக்கும். அது குளியலறைக்குள் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உட்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே விழுந்தவரின் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நீளவாக்கில் போக வேண்டும். ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும் மட்டுமா, வீட்டுக்குள் ஆக்சிஜன் கருவிக்கும் வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மலையடிவாரத்தில் இடம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கமெல்லாம் இரவில் காட்டு யானை நடமாட்டம் உள்ள சாலைகள். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு மாலை நெரிசலில் ஒருமுறை வண்டியோட்டிப் பார்த்துவிடுங்கள். அந்த வட்டாரத்தில் கட்டடம் கட்ட ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி தேவைப்படும் கிராமங்களும் உண்டு. அனுமதி நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பணக் கணக்கில்தான் பலர் சிக்குகிறார்கள். மாதம் 25,000 ரூபாய் என்பது ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது ஆண்டில் 50,000-ஐத் தொட்டுவிடும். உயர்வுக்கு உச்சவரம்பு எழுத்தில் இருக்க வேண்டும். தம்பதியரில் ஒருவர் பராமரிப்புப் பிரிவுக்குப் போனால் வீட்டுக் கட்டணமும் ஓடும், கட்டில் கட்டணமும் ஓடும். டயப்பர், பிசியோதெரபி, மூக்குக் குழாய் உணவு, உதவியாளரின் சாப்பாடு எல்லாம் தனித்தனி பில்லாக வரலாம். மெடிக்ளைம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். குளிப்பாட்டுவது, உடுத்துவது போன்ற அன்றாடப் பராமரிப்புச் செலவு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது.

விலைக்கு வாங்குவதானால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைச் சரிபாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. கட்டுபவர் விற்றுவிட்டுப் போவார். வளாகத்தை நடத்தும் சேவை நிறுவனத்தின் ஒப்பந்தம் சில ஆண்டுகளில் முடியும். பிறகு எழுபது வயதுக்காரர்கள் சங்கம் வைத்து ஆள் தேடுவார்கள். அதற்காகத்தான் மத்திய அரசின் 2019 மாதிரி வழிகாட்டு நெறிகள், கட்டுபவர், சேவை நிறுவனம், வாங்குபவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தத்தைச் சொல்கின்றன. மாதிரிதான் என்றாலும் அதைக் காட்டிக் கேட்கலாம். டெபாசிட் முறை என்றால் 'அடுத்தவர் வந்த பிறகு திருப்பித் தரப்படும்' என்ற வரியை அடித்துவிட்டு, இத்தனை மாதத்துக்குள் என்று எழுதச் சொல்லுங்கள். வயது வரம்புள்ள இடத்தில் வாரிசுகள் குடியிருக்க முடியாது. விற்கும்வரை மாதக் கட்டணம் மட்டும் அவர்கள் தலையில் விழும்.

மாதக் கட்டணத்தை மகன் கட்டிவிடுவான் என்று சொத்தைத் தான செட்டில்மெண்ட் எழுதித் தருபவர்கள், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். மூத்த குடிமக்கள் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கோரும்போது, அந்த வரி இல்லாவிட்டால் வழக்கு இழுபறியாகும்.

குடியிருப்பை விற்கும் முன்பே பராமரிப்புப் பிரிவின் கட்டணப் பட்டியலையும் இரவுப் பணியாளர் எண்ணிக்கையையும் ரெரா இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தமிழக அரசு கட்டாயமாக்க வேண்டும்.

— முதியோர் செவிலியப் பணியில் இருப்போர்,
கோயம்புத்தூர்.