நம்ம தையல் சங்கம், திருப்பூர்: 2024-25 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன ஏப்ரல்ல இருந்து இந்த மார்ச் வரைக்கும் சங்கத்துல என்ன நடந்துச்சுன்னு செயலாளரா நான் படிக்க வேண்டிய அறிக்கை இது, நைட் ஷிஃப்ட்டுனால ஹாலுக்கு வர முடியாத அக்காமாருக்காக குரூப்லயும் போடறேன். வரவு செலவு கணக்க பொருளாளர் அக்கா தனியா பிரிண்ட் எடுத்து வச்சிருக்காங்க, ஆடிட்டர் கையெழுத்தும் ஆயிருச்சு, அதுக்குள்ள நான் போகல. இல்லத்துலயும் ஆஸ்பத்திரிலயும் அங்கன்வாடிலயும் இருக்கற கொழந்தைங்களுக்கு நம்ம சங்கம் சும்மா தச்சுக் குடுக்கறதுல, இந்த வருஷம் என்ன தச்சோம், யாருக்கு தச்சோம், எப்படி தச்சோம்ங்கறத மட்டும் சொல்றேன்.

மொதல்ல ஒரு முடிவ பதிவு பண்ணணும். கொழந்தைங்கள பாத்துக்கறவங்ககிட்ட கேக்காம இனிமே எதையும் தைக்கறதில்லன்னு மே மாச கமிட்டில முடிவாச்சு. நாமளா ஒன்ன நெனச்சு தச்சு கொண்டு போய் குடுத்துட்டு வர்றது ஈஸி, ஆனா அது நம்ம ஆசைக்கு தச்சது, அந்தக் கொழந்தைக்கு தச்சது இல்லன்னு மூத்த உறுப்பினர் ஒரு அக்கா சொன்னாங்க, எல்லாரும் ஒத்துக்கிட்டோம். அப்பறம்தான் இல்லத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் உக்காந்து கேட்டோம்.

பெண் குழந்தைகள் இல்லத்துல வார்டன் அம்மா சொன்னது எங்க யாருக்குமே தோணாத விஷயம். பள்ளிக்கூட யூனிஃபார்ம், பேக், ஷூ எல்லாம் அரசாங்கமே குடுத்துருது, தீபாவளிக்கு பட்டுப்பாவாடை கவுனுன்னு வாங்கிக் குடுக்க ஆளுங்க வரிசைல நிக்கறாங்க, ஆனா ஜட்டியும் சிம்மியும் வாங்கித் தர்றேன்னு யாரும் வர்றதில்லீங்கன்னாங்க. நாடு பூரா பனியன் ஜட்டி தச்சு அனுப்பற ஊரு நம்மளுது, அந்த ஊர்ல இருக்கற பொண்ணுங்க எலாஸ்டிக் லூசானத ஊக்கு குத்தி போட்டுட்டு ஸ்கூல் போகுதுங்கன்னு கேட்டதும் அங்கயே முடிவு பண்ணிட்டோம். ஆளாளுக்கு சைஸ் லிஸ்ட் வாங்கினோம், 45-ல இருந்து 75 வரைக்கும், ஃப்ரீ சைஸ்ங்கற பேச்சே இல்ல. பத்து வயசுக்கு மேல இருக்கற பொண்ணுங்களுக்கு சிம்மில முன்பக்கம் டபுள் துணி வச்சு தச்சோம், வெள்ள சட்ட யூனிஃபார்ம் போடற பொண்ணுங்க கூச்சமில்லாம நிமிந்து நடக்கணும்ங்கறதுக்காக. லேபிள் வச்சா கழுத்துல அரிக்கும்னு லேபிளே வைக்கல.

இத கவர்ல போட்டு நீட்ட மனசு வரல. அதனால ஒவ்வொருத்தருக்கும் ஒரு சுருக்குப்பை தச்சு அதுல சங்கிலித் தையல்ல அவங்கவங்க பேர போட்டோம். இல்லத்துல துணியெல்லாம் ஒண்ணாத்தான் தொவைக்கறாங்க, ஒரே கொடில காயுது, இது உன்னோடதா என்னோடதான்னு தெனமும் ஒரு சண்ட, பேர் போட்ட பை இருந்தா அதுக்குள்ள இருக்கறது அந்தக் கொழந்தையோடது. பேர நாங்களே எழுதிக்காம கொழந்தைங்கள சீட்டுல எழுதிக் குடுக்கச் சொன்னோம், ஒரு கண்ணு அம்மா பேரோட எழுத்த இனிஷியலா போட்டு எழுதியிருந்துச்சு. அந்தச் சீட்டுல இருந்தத கார்பன் வச்சு அப்படியே துணில எறக்கி, கோணலா இருந்த எழுத்த கோணலாவே தச்சோம். அவ கையெழுத்து அது, அத நேராக்கறதுக்கு நமக்கு உரிமை இல்லன்னு நான் நெனக்கறேன்.

அடுத்து பச்சக்கொழந்தைங்க வார்டு. 37 வாரம் ஆகறதுக்கு முன்னாடியே பொறக்கற கொழந்தைங்களுக்கு தோலுக்கடில கொழுப்பு கம்மி, ஒடம்பு சூடு சீக்கிரம் எறங்கிரும், அதுவும் தல வழியா நெறைய போயிரும், அதனாலதான் அம்மா நெஞ்சோட வச்சு கங்காரு முறைல பாத்துக்கறப்பவும் தொப்பி போடச் சொல்றாங்க. கடைல கெடைக்கற தொப்பி எல்லாம் முழு மாசக் கொழந்தைக்கு, அந்தத் தல சுத்தளவு 33-35 செமீ வரும், 28 வாரத்துல பொறந்த கொழந்தைக்கு 26 பக்கம்தான் வரும், கடைத் தொப்பிய போட்டா மூக்கு வரைக்கும் எறங்கி நிக்குது. சிஸ்டர்கிட்ட கேட்டு மூணு அளவுல பேட்டர்ன் வெட்டினோம், ஒன் பை ஒன் ரிப் துணி, நல்லா இழுத்து குடுக்கும், கயிறு கெடையாது, குஞ்சம் கெடையாது, பட்டன் கெடையாது.

கையுறை பத்தி அந்த சிஸ்டர் சொன்னத எல்லாரும் மனசுல வச்சுக்கணும். உள்பக்கம் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாம சுத்தி அடிக்கற தையல்) நூல் பிசிறு ஒண்ணு நீட்டிட்டு இருந்தாப் போதும், அது கொழந்த விரல்ல சுத்தி இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திரும், கொழந்த ஏன் அழுகுதுன்னே தெரியாம விரல் நீலமாயிரும்னாங்க. அதனால கையுறைக்கும் காலுறைக்கும் தையல வெளிப்பக்கமா வச்சோம். பாக்க ஏறுமாறா தச்ச மாதிரி இருக்கும், இருக்கட்டும். பிசிறு வெட்டறதுக்குன்னே எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங் பாத்த நாலு அக்காமாரு உக்காந்தாங்க, டேபிள் லைட்டுல ஒவ்வொண்ணையும் திருப்பி விரல உள்ள விட்டுப் பாத்துத்தான் பாக்கெட் பண்ணுனாங்க. கம்பெனில பையர் வர்றப்ப பாக்கறதவிட உன்னிப்பா பாத்தாங்க, இந்த வருஷ வேலைல எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்தது இதுதான்.

பொம்மைக்கு வர்றேன். கொழந்தைங்க புற்றுநோய் வார்டுக்கும், வடக்க இருந்து வேலைக்கு வந்தவங்க கொழந்தைங்க அதிகமா வர்ற ரெண்டு அங்கன்வாடிக்கும் துணி பொம்மை தச்சோம். கடைல விக்கற பொம்மைக்கு 2021 ஜனவரில இருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், நாம விக்கல, சும்மா குடுக்கறோம், ஆனா சும்மா குடுக்கறதுங்கறதுக்காக பாதுகாப்புல கொறைக்க முடியாது. கண்ணுக்கு பட்டன் வைக்காம நூல்ல தச்சோம், மூணு வயசுக்கு கீழ எதையும் வாய்லதான் வைக்கும். உள்ள பனியன் வேஸ்ட் அடைக்கலாம்னு சில பேர் சொன்னாங்க, செலவு மிச்சம்தான், ஆனா தொவச்சா உள்ள காயாம பூசணம் புடிச்சுரும், ஆஸ்பத்திரி பொம்மைய அடிக்கடி தொவைக்கணும், அதனால ஃபைபர் பஞ்சு வாங்கினோம். எதிர்ப்புத் தெரிவிச்ச அக்காவே ஒண்ண தொவச்சு காயப்போட்டு பாத்துட்டு சரின்னுட்டாங்க. கீமோ எடுக்கற கொழந்தைங்களுக்கு பொம்மைக்கும் மொட்டத் தல வச்சு, கழட்டி மாட்டற தொப்பி போட்டுக் குடுத்தோம், இது வார்டுல ஒரு அம்மா கேட்டது.

ஊசி விஷயத்துல கம்பெனி ரூல்தான் இங்கயும். ஊசி ஒடஞ்சா எல்லா துண்டையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டுனாத்தான் புது ஊசி, ஒரு துண்டு கெடைக்கலன்னாலும் அந்த லாட்ட குடுக்கறதில்ல. உறுப்பினர் ஒருத்தரோட கம்பெனில ஞாயித்துக்கெழம நீடில் டிடெக்டர்ல (உள்ள ஊசித் துண்டு இருந்தா காட்டிக் குடுக்கற மெஷின்) பொம்மை எல்லாத்தையும் ஓட்டித் தந்தாங்க, அவங்களுக்கு சங்கத்தோட மனமார்ந்த நன்றி.

துணி எங்கருந்து வந்துச்சுன்னா, பெரும்பாலும் கம்பெனி கட்டிங் டேபிள்ல மிஞ்சற பிட்டும் துணி ரோல் கடைசியும்தான். ஆயில் கறை, ஊசி ஓட்ட, சாயம் எறங்கற துணி மூணையும் ஒதுக்கிட்டு, மீதிய சுடுதண்ணில அலசி காயவச்சுத்தான் வெட்டறோம். மிச்சத்துணில தைக்கலாம், வாங்கற கொழந்தைக்கு அது மிச்சம்னு தெரியக்கூடாது.

ஒரு வருத்தத்தையும் சொல்லணும். நெறைய துணி தர்றதா ஒத்துக்கிட்ட ஒரு நிறுவனம், இல்லத்துக் கொழந்தைங்க கைல அவங்க பேனர குடுத்து ஃபோட்டோ எடுக்கணும்னு கேட்டாங்க. 2015 சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவு இந்தக் கொழந்தைங்க அடையாளத்த வெளியிடக் கூடாதுன்னு சொல்லுது, மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டும். சட்டம் இல்லன்னாலும் நாம ஒத்துக்கக் கூடாது, ஏன்னா வாங்கற கைய ஃபோட்டோ புடிச்சா அந்தக் கொழந்த நாளைக்கு பெருசாகி அதப் பாக்கறப்ப என்ன நெனைக்கும். துணி வேண்டாங்கன்னுட்டோம், ஐப்பசில ரெண்டு வாரம் மெஷின் சும்மா நின்னுச்சு, அப்பறம் உறுப்பினர்களே ஆளுக்கு கொஞ்சம் பணம் போட்டு வாங்கினோம். நம்ம குரூப்ல பை, தொப்பி, பொம்மை ஃபோட்டோ மட்டும் போடுங்க, கொழந்தைங்க படம் எதும் வேண்டாம்ங்க.

ஆளு விஷயத்துல, சிங்கர் (சாதாரண நேர் தையல் மெஷின்) டெய்லருங்க போதும், ஓவர்லாக், பேட்லாக் (பனியன் துணி ஓரத்த மடிச்சு தட்டையா தைக்கற மெஷின்) தெரிஞ்சவங்க தேவைப்படுது. புதுசா வந்த காலேஜ் பொண்ணுங்களுக்கு தலகாணி உறை கவுன்தான் மொதப் பாடம், மூடியிருக்கற பக்கத்த வெட்டித் தெறந்து, கை நொழையற எடத்த வளைவா வெட்டி, கழுத்துக்கு நாடா கோத்தா ஒரு கவுன் ஆயிருது, ரெண்டு பக்கமும் பாக்கெட் வைக்கச் சொல்லியிருக்கோம், கொழந்தைங்க மொதல்ல தேடறது பாக்கெட்டத்தான்.

வர்ற வருஷத்துக்கு கமிட்டி முன்வைக்கறது மூணு. உள்ளாடைய வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜூன்லயும் டிசம்பர்லயும் குடுக்கறது, ஏன்னா கொழந்தைங்க வளருது. பையன்களோட இல்லத்துலயும் போய் கேக்கறது, இதுவரைக்கும் அங்க போகவே இல்ல. சொந்தமா ஒரு செகண்ட் ஹேண்ட் பேட்லாக் மெஷின் வாங்கறது, வெல விசாரிச்ச விவரம் பொருளாளர் அக்காகிட்ட இருக்கு. மூணுக்கும் இன்னிக்கு கூட்டத்துல ஓட்டு கேக்கறோம், வர முடியாதவங்க சாயங்காலத்துக்குள்ள குரூப்ல சம்மதமா இல்லையான்னு போட்டுருங்க. ஜூன் லாட்டுக்கு கட்டிங் இந்த ஞாயிறு காலைல ஒம்பது மணிக்கு, அறுபது, அறுபத்தஞ்சு சைஸ்தான் அதிகம், கத்தரி சாண புடிக்க குடுத்திருக்கறவங்க சனிக்கெழமைக்குள்ள வாங்கிருங்க.