'ழ'வின் சுழியைத் திறந்தவர்களுக்கு

அன்புடையீர்,

எம்பிராய்டரி மெஷினுக்குத் தையல் கோப்பு செய்யும் இலவச மென்பொருளான இங்க்ஸ்டிச்சை எழுதியவர்களுக்கும், அதை என் கடைவரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும் இந்த மடல். உங்களில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனாலும் என் நன்றி எனக்குத் தெரிந்த பாஷையில்தான் முழுசாக வரும்.

என்னுடையது சின்னத் தையல் கடை. பிளவுஸ், யூனிஃபார்ம், கூடவே ஒற்றை ஊசி எம்பிராய்டரி மெஷின் ஒன்று. ஃபிரேம் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். படத்தைக் கொடுத்தால் மெஷின் தைத்துவிடும் என்று நம்பித்தான் வாங்கினேன். ஊசி எங்கே இறங்கணும், எந்தப் பக்கம் போகணும் என்று ஒவ்வொரு தையலுக்கும் சொல்ல வேண்டுமாம். அந்தப் பஞ்சிங் வேலையை வெளியே கொடுத்தேன். பள்ளித் தமிழ் மன்றத்துக்கு 60 பேட்ஜ். 'ழ'வின் சுழி அடைத்துக்கொண்டு ஒரு நூல் உருண்டையாக வந்தது. திருத்தக் கேட்டால் மறுபடி காசு. சொந்தமாகச் செய்யலாமென்று மென்பொருள் விலையை விசாரித்தேன், பேசாமல் போனை வைத்துவிட்டேன்.

எதிர்வீட்டுத் தம்பிதான் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, படம் வரையும் இங்க்ஸ்கேப்பையும் அதற்குள் இங்க்ஸ்டிச்சையும் வைத்துத் தந்தான். இரண்டு டீயோடு சரி, வேறெதுவும் வாங்கவில்லை. தம்பி, உனக்கு முதல் நன்றி.

நான் முதலில் தைத்தது ஒரு வட்டம். முட்டையாக வந்தது! தையல் ஓடும் திசையில் நூல் துணியை இழுத்துச் சுருக்கும், எனவே அந்தப் பக்கம் கொஞ்சம் அகலமாக வரைய வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். அந்த இழுப்பை ஈடுகட்ட இங்க்ஸ்டிச்சில் ஓர் எண் போடும் வசதி உண்டு. மேல்தையல் புதையாமல் இருக்க அடித்தையலும் அதுவே போடுகிறது. நிரப்புத் தையலுக்கு வரிசை இடைவெளி 0.25 மில்லிமீட்டர் என்று அதுவாக வைத்துக்கொள்ளும். மெல்லிய காட்டனுக்கு நான் கொஞ்சம் தளர்த்துவேன்.

'ழ'வைக் காப்பாற்றியது சாட்டின் தையல். ஏணி மாதிரி இரண்டு ஓரக்கோடுகளும் நடுவில் குறுக்குக் கம்பிகளும் வரைந்தால், ஊசி ஓரத்துக்கு ஓரம் போய்வந்து நிரப்பும். கம்பி சாய்கிற பக்கம் ஊசியும் சாயும். சுழியின் உள்வளைவில்தான் தையல்கள் முட்டி மோதும், அங்கே கம்பிகளை விசிறியாகத் திருப்பிவிட்டேன். துணியை வீணாக்காமல் ஊசி ஓடுவதைத் திரையிலேயே பார்த்துத் திருத்தினேன், ஏழெட்டுத் தடவை. ஒரு சின்னக் குறை: தட்டச்சிட்ட எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்ற மறந்தால் இங்க்ஸ்டிச் அதைத் தைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியே போனது.

லெக்ஸ் நீவா அவர்களே, கிறிஸ்துமஸ் பரிசாக எம்பிராய்டரி மெஷின் வந்ததும், லினக்ஸில் ஓட உருப்படியான இலவச மென்பொருள் இல்லையென்று நீங்களே எழுத உட்கார்ந்தீர்களாமே. அந்தப் பரிசைத் தந்தவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் வழி போட்ட ஜான் ஹவெலுக்கும், 2003 முதல் இங்க்ஸ்கேப்பை வளர்ப்பவர்களுக்கும், பிஇஎஸ், டிஎஸ்டி, ஜெஇஎஃப் என்று மெஷினுக்கு மெஷின் மாறும் கோப்புகளை எழுதித் தரும் பைஎம்பிராய்டரி என்ற நிரலைச் செய்தவர்களுக்கும் நன்றி. டிஎஸ்டி கோப்பில் நூலின் நிறமே இருக்காது. இங்க்ஸ்டிச் அச்சிட்டுத் தரும் நிற வரிசைத் தாள் இல்லாவிட்டால் சிவப்பு இலையும் பச்சைப் பூவும் தைத்திருப்பேன்.

60 பேட்ஜையும் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். அதுவரை பொறுத்திருந்த தமிழ் டீச்சருக்கும் நன்றி.

என் 'ழ' கோப்பை யார் கேட்டாலும் தருகிறேன். 'ஜ' கேட்காதீர்கள், இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு தையல்காரர்