அப்பாவின் இருபது விநாடி: டிராய் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தாருக்கு, வணக்கம்.

கொரோனாவால் இரண்டு வருடம் வைகையில் இறங்காத அழகர், 2022 சித்திரையில் இறங்கினார். ஏ.வி. பாலத்துப் பக்கம், கருப்பசாமி வேடத்தில் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சிய கூட்டத்தில் எங்கள் அப்பாவும் இருந்தார். நேரலையில் இருபது விநாடி அவர் முகம் வந்தது. செட்டாப் பாக்ஸில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கில் அது பதிவாகியிருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதுதான்.

போன வருடம் பாக்ஸ் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. சரி, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிடலாம் என்று டிஸ்க்கைச் செருகினேன். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. நல்லவேளை, கை போகவில்லை. அக்கா மகனின் லினக்ஸ் மடிக்கணினியில் ஃபைல்கள் தெரிந்தன, ஆனால் வி.எல்.சி. என்கிற வீடியோ பிளேயரில் போட்டால் கருப்புத் திரை. பதிவு பூட்டப்பட்டிருக்கிறது, சாவி அந்த ஒரே பாக்ஸுக்குள் இருக்கிறது. அதே நிறுவனத்தின் புது பாக்ஸ் கொடுத்தாலும் ஓடாது என்றார் மெக்கானிக்.

டவுன் ஹால் ரோட்டில் ஒரு கேப்சர் கார்டு வாங்கினேன். பாக்ஸில் ஓடும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற கருவி அது. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வழியில் நகல் தடுப்பு இருப்பதால் படம் வரவில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்தான் கைகொடுத்தது. இதில் ஃபைல் நகர்வதில்லை. பாக்ஸில் ஓடவிட்டு, ஓடுவதை மறுபடி பதிவு செய்கிறோம். மூன்று மணி நேர நேரலைக்கு முழுசாக மூன்று மணி நேரம். ரிமோட்டை யாரும் தொடக் கூடாது. அம்மாவுக்கு அன்றைக்கு சீரியல் போச்சு. அப்பா முகம் வந்தது, ஆனால் ஹெச்.டி.யில் மீசை முடிகூடத் தெரிந்த முகம், இதில் தண்ணீருக்குப் பின்னால் நிற்பதுபோல் மங்கல். அடுத்த வாரம் பாக்ஸ் செத்தது.

சினிமாவையும் கிரிக்கெட்டையும் நகலெடுத்து விற்பவர்களை நினைத்துத்தான் பூட்டுகிறார்கள். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. சட்டம் விட்டுக்கொடுத்ததை ஒரு பெட்டி எப்படிப் பிடுங்கலாம்? அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் நேற்று ரிலீசான படத்துக்கும் ஒரே பூட்டா?

2020 ஏப்ரலில் நீங்கள்தான், எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்துகிற பாக்ஸ் வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்தீர்கள். அதோடு பதிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்ஸ் மாறினால் சந்தாதாரரின் பழைய பதிவுகள் புது பாக்ஸில் ஓட வேண்டும். கட்டணமில்லாச் சேனல்களின் பதிவையாவது கம்ப்யூட்டருக்கு மாற்ற வழி வேண்டும். பதிவு வசதி இருக்கிறது என்று சொல்லி விற்கும்போதே, இந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும் என்று அட்டையில் தமிழில் போட வேண்டும். எனக்கு அது தெரிந்திருந்தால் முதல் நாளே அந்த மஞ்சள் வயரைத் தேடியிருப்பேன்.

இதற்கெல்லாம் நாளாகும். அதுவரைக்கும், பாக்ஸ் மாற்ற வரும் பையன்களிடமாவது, பழையதைக் கழற்றும் முன் 'ஏதாவது பதிவு வெச்சிருக்கீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செல்லூரிலிருந்து ஒரு சந்தாதாரர்