நம் முறை வியாழக்கிழமை

தலைஞாயிறு,
புரட்டாசி மாதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "கோயம்புத்தூர் பக்கமே செல்போன், கம்ப்யூட்டருக்கு உள்ளே வைக்கிற சிப் செய்யும் ஆலை வரப்போகுதுப்பா, தைவான் சிப் ஆலை வேலையை விட்டுட்டு வந்துடட்டுமா?" என்றாய். அம்மா குறுக்கே புகுந்து உடனே கிளம்பி வா என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் பேச்சு வேறு எங்கோ போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

தைவானில் 2021ல் வந்த வறட்சியைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். முந்தைய வருடம் ஒரு புயல்கூடக் கரையேறவில்லை, அப்படி நடந்து 56 வருடம் ஆகியிருந்தது, அணையெல்லாம் தரை தெரிந்தது என்றாய். அப்போது அரசாங்கம் 74,000 ஹெக்டேருக்கு மேல் வயலுக்குப் பாசனத்தை நிறுத்தியது. நம் கணக்கில் 1,83,000 ஏக்கர். சிப் ஆலைகளுக்கு லாரியில் தண்ணீர் போனது. விவசாயிகளுக்கு நஷ்டஈடு கொடுத்தார்களே என்று நீ சமாதானம் சொன்னாய். நில உடைமைக்காரருக்குக் கொடுத்திருப்பார்கள் பாப்பா. நடவு ஆளுக்கும் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவருக்கும் அந்த வருடம் யார் கொடுப்பார்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முகம் தெரியாத ஒரு தைவான் விவசாயி வரப்பில் நிற்பது போலவே இருந்தது.

நாம் கடைமடைக்காரர்கள், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம் நம்முடையது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகிறது. அங்கிருந்து வெண்ணாற்றில் பிரிந்து, ஒவ்வொரு ஷட்டராகத் தாண்டி, அரிச்சந்திரா நதி வழியாக நம் வாய்க்காலுக்குள் எட்டிப் பார்ப்பதற்குள் விதைத்தவன் பாதி உயிராகிவிடுகிறான். 2023ல் ஜூன் 12ஆம் தேதி முறையாகத்தான் திறந்தார்கள். அக்டோபர் 10ஆம் தேதியே மூடும்படி ஆயிற்று. நேரடி விதைப்பு செய்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, உனக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இத்தனை நாள் அவர்களுக்கு, இத்தனை நாள் நமக்கு. சண்டை வரும், ராத்திரியில் மதகைக் காவல் காக்க வேண்டும். ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால்தான் கடைமடையிலும் நெல் விளைகிறது. முறை நடப்பதற்குக் காரணமும் நெல்தான். வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுகிற காய்ச்சலும் பாய்ச்சலும் அதற்கு ஒத்துவரும், நாலு நாள் பொறுக்கும்.

உன் ஆலை பொறுக்காது. வருடம் முழுக்க ராப்பகலாக ஒரே அளவில் தண்ணீர் வர வேண்டும், நடுவில் நின்றால் உள்ளே இருக்கிற சரக்கு வீண் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உப்பு, கிருமி எதுவும் இல்லாமல் அவ்வளவு சுத்தம் செய்த தண்ணீர் வேறு. அப்படி ஓர் ஆலையை முறையில் நிறுத்த முடியாது. எப்போதும் அது வரிசைக்கு முன்னால்தான் நிற்கும். என் பயம் இதுதான்.

நெல் மட்டும் குறைவாகவா குடிக்கிறது என்று கேட்பாய். நியாயம்தான். ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் ஆகிறது என்கிறார்கள். போர்வெல் போட்டு இறைத்து இறைத்து, கடல் உப்பை உள்ளே இழுத்துவிட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் என் வயலில் வடிந்த தண்ணீரை அடுத்த வயல்காரன் பாய்ச்சிக்கொள்வான். ஆலையில் இருந்து வெளியேறுவது அமிலமும் ஃபுளோரைடும் கலந்தது. சுத்திகரிக்காமல் அதை ஆற்றில் விட முடியாது.

நொய்யலை நினைத்துப் பார். 2025 பட்ஜெட்டில் சூலூரிலும் பல்லடத்திலும் சிப் தொழிலுக்குப் பூங்கா என்று அறிவித்தார்களே, இரண்டுமே அந்த ஆற்றுப் படுகைதான். நொய்யல் வந்து சேர்வது நம் காவிரியில். பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர் சாயக்கழிவு தேங்கியது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கோர்ட்டுக்குப் போனார்கள். தண்ணீர் வேண்டாம் என்று ஒரு விவசாயி வாயால் சொல்ல நேர்ந்ததே, அதைவிட ஒரு கொடுமை எனக்குத் தெரியவில்லை. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்புறம்தான் கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறை அங்கே உறுதிப்பட்டது. அதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம்.

நல்லதும் நடந்திருக்கிறது. சென்னை கோயம்பேட்டில் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து, ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் வரை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்குத் தருகிற நிலையம் 2019ல் இருந்து இருக்கிறது. ஊர் குளித்துவிட்ட தண்ணீர் ஆலைக்குப் போனால் எந்த வாய்க்காலும் வாடாது. கோவைக்கும் திருப்பூருக்கும் சாக்கடை இல்லையா என்ன? பவானியில் இருந்தும் நொய்யலில் இருந்தும் புதிதாக எடுக்கத் தேவையே இருக்காது.

நான் சிப்புக்கு எதிரி இல்லை. வீட்டில் இருந்தபடி செல்போனில் மோட்டாரைப் போடுகிறேன், அதற்குள்ளும் உங்கள் சரக்குதானே இருக்கிறது. நீ தாராளமாக வா. ஆனால் சேருவதற்கு முன் கேள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆற்றில் இருந்தா, சாக்கடையில் இருந்தா? மேட்டூர் வறண்ட வருடத்தில் ஆலை எவ்வளவு குறைத்துக்கொள்ளும்? வெளியேறும் தண்ணீரை யார் அளக்கிறார்கள், அந்த அளவை ஊர்க்காரன் பார்க்க முடியுமா? சம்பளத்தைப் பற்றிக் கேட்கும்போதே இதையும் கேள். புதிதாக வந்த பெண் கேட்கிறாளே என்று யாராவது முகம் சுளித்தால், என் அப்பா கடைமடை விவசாயி என்று சொல். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுது.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் குறைவுதான். முறை வைத்திருக்கிறார்கள். நம் முறை வியாழக்கிழமை ராத்திரி. அன்றைக்கு நான் போன் எடுக்காவிட்டால் பயப்படாதே, மதகடியில் இருப்பேன். அம்மாவிடம் பேசு.

அன்புடன்,
அப்பா