உப்புக்காற்று அரித்த கம்பியைப் பூசி மறைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோரக் கட்டடங்களில் சன்ஷேடின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால், சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிடுகிறார்கள். சில மழைக்காலம் போனதும் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடுகிறது. பூசிய கொத்தனார்மேல் பழி விழுகிறது. கோளாறு உள்ளே தங்கிவிட்ட உப்பில்.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு நுண்துளைகள் வழியே இறங்கிக் கம்பியை எட்டியதும் அந்தப் படலம் உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கம்தான் காரையைத் தள்ளுகிறது. மேல்பக்கத்தில் படியும் உப்பை மழை கழுவிவிடும். அடிப்பக்கத்தில் படிவது சேர்ந்துகொண்டே போகும். அதிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் வெயில் நாளிலும் அந்த இடம் முழுக்கக் காய்வதில்லை.

மேலோட்டமான ஒட்டு ஏன் கெடுதல் என்றால், துருவேறிய பகுதி அதுவரை தான் அரிபட்டுப் பக்கத்துக் கம்பியைக் காத்துவந்தது. அதை மட்டும் சரிசெய்தால், ஒட்டின் ஓரத்தில் உப்பேறிய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அரிக்கத் தொடங்குகிறது.

எனவே சுத்தியலால் தட்டி, பொக்கென்று கேட்கும் இடம் முழுவதையும் கொத்த வேண்டும். அதோடு நிற்காமல், துருவில்லாத கம்பி தெரியும்வரை போக வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் 20 முதல் 25 மி.மீ. ஆழம், விரல் நுழையும் அளவுக்கு, எடுக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்: முன்பக்கம் பளபளக்கும், கம்பியின் முதுகில் துரு அப்படியே இருக்கும். சுற்றிலும் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, துத்தநாகப் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்பி ஈரம் காக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளர் பார்த்துப் புதுக் கம்பி சேர்க்கட்டும். தூண், பீம் என்றால் முட்டுக் கொடுக்காமல் உளியை வைக்கவே கூடாது.

காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்து இளஞ்சிவப்பு வந்தால் கான்கிரீட் நலம் என்று நம்புவதும் தவறு. அது காரத்தைத்தான் காட்டும். உப்பை அறிய, வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டுத் தூளை எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு பார்க்க வேண்டும்.

புதிதாகக் கட்டுவோர் வெளிப்புறக் கம்பிக்கு 45 முதல் 50 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) விடட்டும், அந்த இடைவெளிக்கு உடைந்த ஓட்டுத்துண்டு வேண்டாம், அடர்த்தியான கவர் பிளாக் வைக்கட்டும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 22 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. கட்டுக்கம்பியின் நுனிகளை உள்பக்கமாக மடக்கிவிட வேண்டும். சென்ட்ரிங் பலகையைத் தொடும் ஒரு நுனி போதும், துரு அந்த வழியே உள்ளே போய்விடும்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர்கள் சிலர்