பொலிஸ் வாக்குமூலத்தைச் செய்தியாகப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

"தாலிக்கொடி அறுத்த இளைஞர் கைது, குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்ற மாதிரியான செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. சில நேரம் பெயர் இருக்காது, ஊரும் வயதும் மட்டும் இருக்கும். ஊரும் வயதும் தெரிந்தால் யாழ்ப்பாணத்தில் பெயர் எதற்கு? நான் கன்னாதிட்டியில் நகைவேலை செய்கிறவன். ஐயா காலத்துப் பட்டறை. களவு வழக்கென்றால் கள்ளனுக்கு அடுத்தபடியாகப் பொலிஸ் தேடி வருவது எங்களைத்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம், சிவில் உடுப்பில் வந்த பொலிஸார் ஒரு பெடியனைப் பட்டறைக்குள் கூட்டி வந்தார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இங்கே வேண்டாம். இருபது வயதுதான் இருக்கும், மேசன்மாருக்குக் கையாளாகப் போகிறவன். "இவருக்குத்தானே வித்தனி?" என்று கேட்டார்கள். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓம்" என்றான். பிறகு யாரும் கேட்காமலே, "ஒன்பது பவுண், ரெண்டு கிராம்" என்றான்.

அந்த ரெண்டு கிராம்தான் எனக்கு உறைத்தது. மோட்டார் சைக்கிளில் வந்து கழுத்தில் கிடப்பதை இழுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு நிறை எப்படித் தெரியும்? அறுத்த கொடி முழுசாகக் கைக்கு வருவதுமில்லை. ஒரு துண்டோ கொளுக்கியோ றோட்டில் விழும், இல்லாவிட்டால் உடையவளின் சட்டையில் சிக்கி நிற்கும். வாழ்நாளெல்லாம் தராசு பிடித்த நானே கையில் ஏந்திப் பார்த்து அரைப் பவுண் முன்பின்னாகத்தான் சொல்வேன். ஒன்பது பவுண் ரெண்டு கிராம் என்பது நகைக்கடை பில்லில் இருக்கிற கணக்கு. பில் முறைப்பாட்டோடு பொலிஸுக்குப் போயிருக்கும், அங்கேயிருந்து பெடியனின் வாய்க்கு வந்திருக்கிறது.

"தம்பி, கொடியில கிடந்தது பிள்ளையார் தாலியோ, அம்மன் தாலியோ?" என்று கேட்டேன். பில்லில் அது எழுதியிருக்காது. அவன் திரும்பி சார்ஜன்ட்டின் முகத்தைப் பார்த்தான். சார்ஜன்ட்டுக்கும் தெரியவில்லை. அப்போதுதான் கவனித்தேன், பெடியன் மேசைக் கரையைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் நிற்கிறான். குதிக்காலை நிலத்தில் ஊன்ற அவனால் முடியவில்லை.

நகையைத் தந்தால் நான் வழக்கில் சாட்சி, தராவிட்டால் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன் என்றார்கள். தெரிந்த சட்டத்தரணியைக் கூப்பிட்டதால் நான் தப்பினேன். ஆள்பலம் இல்லாத வேலைகாரர்கள் சொந்தப் பொன்னை உருக்கிக் கட்டியாகக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த கதைகள் எங்கள் தெருவில் உண்டு. அந்தக் கட்டிதான் மறுநாள் பத்திரிகையில் "மீட்கப்பட்ட நகை".

நகையை மீட்டதாகக் காட்ட ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று அந்தச் சட்டத்தரணியிடம் பிறகு கேட்டேன். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் செய்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், நீதவான் முன்னிலையில் சொன்னதாக இருந்தாலொழிய, 26ஆம் பிரிவு அதையும் தள்ளுகிறது. ஆனால் காவலில் இருப்பவர் சொன்ன தகவலைக்கொண்டு ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்த அளவுக்கு 27ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால்தான் பெடியனை அடித்ததோடு நில்லாமல் பட்டறை வரைக்கும் வந்தார்கள்.

வெள்ளைக்காரனே தன் பொலிஸை நம்பாமல் எழுதி வைத்த சட்டம் அது. நீதவான் பார்க்கக்கூடாத வாக்குமூலத்தை, ஆசிரியரே, காலமைத் தேத்தண்ணியோடு ஊர் முழுக்க வாசிக்கிறது. போட்டுக் கொடுக்கிறது நீங்கள்.

"அடியாத மாடு படியாது" என்று இதை வாசிக்கிற பலர் சொல்வார்கள் என்று தெரியும். என் உறவினர்களே சொன்னார்கள். அவர்களுக்கு 2015 செப்டெம்பரை ஞாபகப்படுத்துகிறேன். கம்பஹா மாவட்டம் கொட்டதெனியாவவில் ஒரு சின்னஞ்சிறு பெண்பிள்ளை கொலை செய்யப்பட்டாள். முதலில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனையும் இன்னொருவரையும் பிடித்தார்கள். மரபணு பொருந்தவில்லை, விட்டார்கள். தன்னை அடித்துச் சித்திரவதை செய்ததாக அந்த மாணவன் சொன்னான். பிறகு வேறொருவரைப் பிடித்து, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிஸ் அறிவித்தது. அவருடைய பட்டப்பெயர் நாடெல்லாம் முழங்கியது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை, அவருடைய தமையனுடையதுதான் பொருந்தியது. 2016இல் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் தமையனுக்கு மரண தண்டனை விதித்தது. மரபணுப் பரிசோதனை என்ற ஒன்று இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டவரின் கதி என்ன? கொடி அறுப்பு வழக்கில் யார் மரபணு பார்க்கிறார்கள்?

எங்களுடைய ஆட்களுக்கு இது இன்னும் கிட்டிய விஷயம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கிறது. அது வற்புறுத்தி வாங்கியது என்று காட்டும் பாரத்தை எதிரியின் தலையில் போடுகிறது. அடைத்து வைத்தவனிடமே அடித்ததற்கு அத்தாட்சி கேட்கிற சட்டம். 1993இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசாவுக்குத் தமிழ்தான் தெரியும். வாக்குமூலம் சிங்களத்தில், கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். அதை வைத்து 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆகியது. ஐ.நா. மனித உரிமைக் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் சொன்னது. 2006இல் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளியது. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது தடுப்புக்காவலின் உச்சக்காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தார்கள். 16ஆம் பிரிவு இருந்தபடியே இருந்தது.

2023 நவம்பரில் களவுச் சந்தேகத்தில் பிடிபட்ட சித்தங்கேணி இளைஞர் இறந்தபோது எங்கள் பத்திரிகைகள் முன்பக்கத்தில் எழுதின. பொலிஸார் தனக்கு என்ன செய்தார்கள் என்று அவர் சொன்ன காணொளியைக் கண்டு ஊரே கொதித்தது. அதை எழுதிய பத்திரிகைகளே பிறகும் "பொலிஸ் விசாரணையில் ஒப்புக்கொண்டார்" என்று பழையபடி போட்டன. உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றவியல் சாட்சியச் சட்டம் வந்தபிறகு பொலிஸ் விசாரணையை ஒலிப்பதிவு செய்யும் முறை வந்தது. இங்கே அது வர எவ்வளவு காலமோ, அது பாராளுமன்றத்தின் வேலை. உங்கள் வேலை அவ்வளவு கஷ்டமில்லை. கைது செய்தார்கள் என்று போடுங்கள், நீதிமன்றத்தில் முற்படுத்தினார்கள் என்று போடுங்கள், ஒப்புக்கொண்டார் என்பதை விடுங்கள். கைதைப் போட்ட பக்கத்திலேயே விடுதலையையும் போடுங்கள்.

என் பட்டறைக்கு வந்த பெடியன் மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தான். அந்தக் கொடி வேறு மாவட்டத்தில் ஒரு அடைவு கடையில், வேறொருவன் வைத்ததாக அகப்பட்டது. அம்மன் தாலி. பெடியனை வழக்கிலிருந்து விடுவித்தார்கள். அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. இப்போது கட்டார் போக அலுவல் பார்க்கிறான். அவன் ஊரையும் பெயரையும் தட்டினால் உங்கள் இணையத்தளத்தில் அந்தப் பழைய செய்திதான் முதலில் வருகிறது. அதற்குக் கீழே நீதிமன்றக் கட்டளையைச் சேர்க்க முடியுமா? வழக்கு இலக்கம் என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கன்னாதிட்டிப் பத்தர் ஒருவர்
யாழ்ப்பாணம்
(பெயரைப் பிரசுரிக்க வேண்டாம்)